வருடத்துக்கு ஆறு தடிமன்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வேலணைப் பிரதேச வைத்தியசாலையில் மருந்தெடுக்க வரும் தாய்மாரின் முறைப்பாடு அநேகமாக ஒன்றாகவே இருக்கும். “போன மாதமும் வந்தது, அதுக்கு முந்தின மாதமும் வந்தது டொக்டர். என்ரை பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?” கேள்விக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது: பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையோ? அப்பாச்சி கண்ணூறு என்பார். கனடாவில் இருக்கும் சித்தி விற்றமின் அனுப்புவதாகச் சொல்வார். மருந்துக்கடைக்காரர் ஒரு சத்துப் பாணியை எடுத்து மேசையில் வைப்பார். மூன்றும் நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் மூன்றுமே பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகின்றன.

குறை இருக்கிறதா என்று சொல்ல, குறையில்லாத பிள்ளைக்கு எத்தனை தடிமன் வரும் என்று முதலில் தெரிய வேண்டும். அதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரெக்கும்சே என்ற சிற்றூரின் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஆறு தடவை மூச்சுப்பாதை நோய் வந்தது. வளர வளர அது குறைந்து, பெரியவர்களில் இரண்டளவில் நின்றது. அந்த ஆய்வு கேட்டறிந்ததை நம்பியது. பிறகு பிசிஆர் பரிசோதனை வந்ததும் கணக்கு இன்னும் கூடியது. ஒஸ்ரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 158 பிள்ளைகளைப் பிறந்த நாள் தொட்டு இரண்டு வயது வரை வாராவாரம் மூக்குச்சளி எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளைக்குச் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட தடவை நோய் வந்திருந்தது. இவர்கள் வசதியான, சத்துக் குறையாத, தடுப்பூசி தவறாத பிள்ளைகள்.

இன்னும் சுவையான கணக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எடுக்கப்பட்டது. 26 வீடுகள், 108 பேர், ஒரு முழு வருடம், வாரம் ஒருமுறை மூக்கிலிருந்து மாதிரி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூக்கில் வருடத்தின் பாதி வாரங்களில் ஏதோ ஒரு வைரஸ் இருந்தது. அவற்றில் ஏறத்தாழப் பாதித் தடவைகளில் பிள்ளைக்கு எந்த அறிகுறியும் இல்லை. பிள்ளை இல்லாத வீடுகளில் வருடத்துக்கு மூன்று நான்கு வாரம்தான் வைரஸ் தென்பட்டது. ஒரு பிள்ளை இருந்தால் பதினெட்டு வாரம், ஆறு பிள்ளைகள் இருந்தால் நாற்பத்தைந்து வாரம். 2015 இல் வெளிவந்த இந்தக் கணக்கை, ‘சுகமாக இருக்கிற நாளே இல்லை’ என்று அலுத்துக்கொள்ளும் எந்தத் தாய்க்கும் காட்டலாம். அவர் மிகைப்படுத்தவில்லை.

நமக்கு நெருக்கமான ஊரிலும் எண்ணியிருக்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நகரின் சேரிப்பகுதியில் பிறந்த 452 பிள்ளைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். ரோட்டா வைரஸ் ஆய்வுக்காகத் தொடங்கிய பணி அது. வயிற்றோட்டத்தைத் தேடிப் போனவர்கள், பிள்ளைகளின் நோய்ச்சுமையில் பெரும்பங்கு மூச்சுப்பாதையில் இருப்பதைக் கண்டார்கள்.

ஆகவே வேலணைத் தாய்க்கு முதல் பதில் எளிது. வருடத்துக்கு ஆறு எட்டுத் தடிமன் வந்தும் பிள்ளை பால் குடித்து, நிறை ஏறி, இடையில் விளையாடிக்கொண்டு திரிந்தால் அது பிள்ளைக்குரிய இயல்பு. வைரஸ்களின் பெயர்களைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். தடிமனுக்கு முதற்காரணமான றைனோவைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு அடுத்ததைத் தடுக்காது. அதோடு இன்புளுவன்சா, அடினோவைரஸ், குரைப்பது போன்ற இருமலைத் தரும் பராஇன்புளுவன்சா, பழைய கொரோனா வைரஸ்கள் நான்கு, 2020 முதல் ஐந்தாவதாக ஒன்று. 2025 தை மாதம் சீனச் செய்திகளைப் பார்த்து எல்லோரும் பயந்த எச்எம்பிவி கூட ஒரு பழைய விருந்தாளிதான். நெதர்லாந்தில் 2001 இல் கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும், 1958 இல் எடுத்து வைத்த இரத்த மாதிரிகளிலேயே அதற்கான எதிர்ப்பு இருந்தது. ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் அது தொட்டுவிடுகிறது. அந்த வாரம் சென்னையிலும் சேலத்திலும் இருவருக்குக் கண்டறியப்பட்டது என்ற செய்தி, கடல் தாண்டி நம் கைப்பேசிகளில் எத்தனை தடவை வந்தது என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

இந்தக் கூட்டத்தில் தனியாக நிறுத்திப் பேச வேண்டியது ஆர்எஸ்வி. 1950களின் நடுவில் ஆய்வுகூடச் சிம்பன்சிகளின் தடிமனில் முதலில் கிடைத்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் கைக்குழந்தைகளிடமும் கிடைத்தது. முதல் வயதுக்குள் மூன்றில் இரண்டு பிள்ளைகளையும், இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லோரையும் பிடிக்கிறது. பெரும்பாலானோருக்கு அது இன்னொரு தடிமன்தான். சிலருக்கு, முக்கியமாக ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கும் மாதம் நிரம்பாமல் பிறந்தவர்களுக்கும் இதயக் குறையுள்ளவர்களுக்கும், அது நெஞ்சுக்குள் இறங்கி மிகச் சிறிய மூச்சுக்குழாய்களை வீங்கவைத்து அடைக்கிறது. 2019 ஆம் ஆண்டுக்கு மட்டும் போட்ட உலகக் கணக்கு இது: ஐந்து வயதுக்குட்பட்டோரில் மூன்று கோடியே முப்பது இலட்சம் பேருக்கு நெஞ்சு நோய், முப்பத்தாறு இலட்சம் பேர் வைத்தியசாலையில், ஓர் இலட்சத்துக்குச் சற்று மேல் மரணம். மரணங்களில் 97 வீதம் வறிய, நடுத்தர வருமான நாடுகளில். ஒரு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட பிள்ளை மரணங்களில் இருபத்தெட்டில் ஒன்று இந்த வைரஸால்.

ஏழு நாடுகளில் கடும் நியுமோனியாவோடு வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்த பேர்ச் ஆய்வும் (2019) இதையே வேறு வழியில் சொன்னது. காரணங்களில் 61 வீதம் வைரஸ்கள். ஆர்எஸ்வி தனியாகவே 31 வீதம். நியுமோனியா என்றால் பக்டீரியா, பக்டீரியா என்றால் அன்ரிபயோட்டிக் என்ற பழைய சூத்திரம் இந்த ஆய்வுக்குப் பிறகு பிள்ளைகளைப் பொறுத்தவரை நிற்காது. பக்டீரியாவின் பங்கு சுருங்கியதற்குத் தடுப்பூசிகளும் காரணம். இலங்கையில் பென்டாவேலன்ற் ஊசி 2008 இல் வந்து, இடையில் நிறுத்தப்பட்டு, 2010 இல் மீண்டும் வந்தது. அதில் ஹிப் பக்டீரியாவுக்கு எதிராக உள்ள கூறு ஒரு பெரிய கொலையாளியை ஒதுக்கிவிட்டது.

இலங்கைக்குள் வருவோம். பேராதனைப் பல்கலைக்கழக வைரஸியல் ஆய்வாளர்கள் கண்டி, அநுராதபுரம் பக்கத்து வைத்தியசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது ஆர்எஸ்வியே முன்னின்றது. 2013 முதல் 2015 வரை காலி கராப்பிட்டியவில் தடிமன், காய்ச்சலோடு வந்த வெளிநோயாளரைப் பார்த்த ஆய்வு, பாதிக்கு மேற்பட்டோரில் ஏதாவதொரு வைரஸைக் கண்டது. 2018 மே மாதம் தென் மாகாணத்தில் இன்புளுவன்சா பரவிச் சிறுபிள்ளைகள் இறந்தபோதுதான் ‘சாதாரணக் காய்ச்சல்’ என்ற சொல்லை நாடு கொஞ்சம் அச்சத்தோடு பார்த்தது. வருடத்தில் இரண்டு தடவை, சித்திரை வைகாசி தொட்டு ஆடி வரையும், கார்த்திகை தொட்டு தை வரையும், இன்புளுவன்சா தலைதூக்கும் என்பது கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் தொற்றுநோயியல் பிரிவும் பல வருடமாகக் கண்டு வருவது.

ஆனால் இவையெல்லாம் பெரிய வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. வேலணையில் ஒரு பிள்ளையின் சிட்டையில் எழுதப்படுவது மேல்மூச்சுப்பாதைத் தொற்று என்ற நாலெழுத்துச் சுருக்கம். எந்த வைரஸ் என்பது அதில் வராது, வரவும் தேவையில்லை, ஏனென்றால் மருந்து மாறப்போவதில்லை. பெயர் தெரிய வேண்டிய நேரமும் உண்டு. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சில நாட்களுக்குள் பலர் இறந்தபோது, ஏதோ புதிய சுவாச வைரஸ் என்று ஊர் நடுங்கியது. இரத்தம் சோதித்ததும் தெரிந்தது எலிக்காய்ச்சல் என்று. அதற்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யும். பெயரை அறிந்ததால் உயிர்கள் தப்பின.

வேலணை ஒரு தீவு என்பதால் பிள்ளைகளுக்குக் காப்பு உண்டா? இந்தக் கேள்விக்கு உலகில் அழகான பதில்கள் இருக்கின்றன. தென் அத்திலாந்திக்கில் தனியாகக் கிடக்கும் திரிஸ்ரான் டா குன்யா தீவில் 1960களில் தடிமன் அலைகளைக் கவனித்தார்கள். ஒவ்வொரு அலையும் கேப்டவுனிலிருந்து ஒரு கப்பல் வந்த கையோடு தொடங்கியது. கப்பல் இல்லாத மாதங்களில் தடிமனும் இல்லை. வடதுருவப் பக்கத்து ஸ்பிற்ஸ்பேர்கனில் 1930களின் தொடக்கத்தில் இதே கதை: பனி உருகி முதற்கப்பல் வந்தால் ஊரே மூக்கைச் சீந்தும். பாரோத் தீவுகளில் 1846 இல் சின்னமுத்து வந்தபோது எண்ணாயிரத்துக்கும் குறைவான சனத்தில் ஆறாயிரம் பேர் படுத்தார்கள். 1781 இல் வந்த சின்னமுத்தைக் கண்டிருந்த கிழவர் கிழவியர் மட்டும் தப்பினார்கள். ஒதுங்கியிருத்தல் நோயைத் தள்ளிவைக்கும். வரும்போது கூட்டி வாங்கும். கொரோனா முடக்கம் இதை உலகம் முழுவதற்கும் காட்டியது. 2020 இல் மேற்கு ஒஸ்ரேலியாவில் ஆர்எஸ்வி அநேகமாக மறைந்து, பிறகு பருவம் தவறிக் கோடையில் வந்து வாட்டுகளை நிரப்பியது.

வேலணை அப்படிப்பட்ட தீவு அல்ல. பண்ணைப் பாலத்தால் அது யாழ்ப்பாணத்தின் வாசற்படி. புங்குடுதீவும் பாலத்தால் ஒட்டிக்கொண்டது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்துதான் உண்மையான தீவுகள் தொடங்குகின்றன: நயினாதீவு, அதற்கப்பால் ஒரு மணி நேரக் கடல் தள்ளி நெடுந்தீவு. 2020 ஐப்பசியில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொரோனாக் கொத்தணியின் தொடர்பில் புங்குடுதீவை முடக்கியபோது, பாலத்தை மறித்தால் தீவு தீவாகிவிடும் என்பதைச் சனம் கண்ணால் கண்டது. மற்ற நாட்களில் நமக்குக் ‘கப்பல்’ வந்துகொண்டேயிருக்கிறது. ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழா. ஆடி ஆவணியில் லண்டன், பாரிஸ், ரொறன்ரோப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை. மார்கழியில் இன்னொரு வருகை. 1990க்குப் பிறகு தீவகத்தின் பெரும்பகுதி சனம் வெளியே போய்விட்டது. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் மிச்ச நாட்களில் இருபது பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அந்த இருபது பேரும் பிறந்து நாற்பது நாளான குழந்தையை மாறிமாறித் தூக்குவார்கள்.

தூக்குவதில் என்ன இருக்கிறது என்று நியூயோர்க்கின் றொச்செஸ்ரரில் கரோலைன் ஹோல் என்ற குழந்தை மருத்துவர் 1981 இல் பார்த்தார். ஆர்எஸ்வி பிடித்த குழந்தைகளோடு தொண்டர்களை மூன்று விதமாக விட்டார். தூக்கி வைத்துப் பராமரித்தவர்கள் ஏழு பேரில் ஐவருக்குத் தொற்றியது. குழந்தை இல்லாத நேரம் அதன் கட்டிலையும் பொம்மையையும் தொட்டுவிட்டுத் தம் மூக்கையோ கண்ணையோ தொட்டவர்கள் பத்துப் பேரில் நால்வருக்கு. ஆறடி தள்ளிச் சும்மா இருந்தவர்கள் பதினான்கு பேரில் ஒருவருக்குமில்லை. கைதான் வழி என்று அந்தச் சிறிய சோதனை சொன்னது. கென்யாவின் கிலிபியில் 47 வீடுகளைப் பார்த்த பிற்கால ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. கைக்குழந்தைக்குப் பாதிக்கு மேல் நோய் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் பாடசாலை போகும் அண்ணனோ அக்காவோதான். நம் வீட்டில் விருந்தினரைக் குறை சொல்வது சுலபம். முன்பள்ளியிலிருந்து வந்த கையோடு தம்பியை முத்தமிடும் மூத்தவளை யார் தடுப்பது? கை கழுவிவிட்டுத் தூக்கச் சொல்லலாம். அதற்கு மேல் தடுக்கவும் முடியாது. தடுக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான கேள்வி, எத்தனை தடவை என்பதை விட்டு, எந்தத் தடவை ஆபத்து என்பதில் இருக்கிறது. இதை அறிய ஸ்கான் வேண்டாம். 1980களில் பாப்புவா நியூகினியில் பிராங்க் ஷான் முதலானோர் செய்த வேலையிலிருந்து உலக சுகாதார நிறுவனம் எடுத்த வழி இன்றும் நிற்கிறது: மூச்சை எண்ணுவது. பிள்ளையை மடியில் வைத்துச் சட்டையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். அழுதால் நிற்கட்டும், பால் குடித்தால் முடியட்டும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் சின்னக் குழந்தையின் மூச்சு ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்டால் 60, ஒரு வயதுக்குட்பட்டால் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. எண்ணி முடித்ததும் கீழ் விலா எலும்புகளைப் பாருங்கள்: மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி வெளியே வராமல் உள்ளே குழிந்தால் பனடோலோடு வீட்டில் இருக்கும் நேரம் முடிந்துவிட்டது. மிகச் சிறிய குழந்தைகளில் மூச்சு வேகமாகாமலே நோய் முற்றலாம். அப்போது பால் குடிக்க மாட்டாது சோர்வதும், இடையிடையே மூச்சு நிற்பதுமே அடையாளம். இதை ஊரில் இன்னும் மருத்துவமாது என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் அறிவார்கள். தாய்மாருக்கும் கையில் மணிக்கூடு இருக்கிறது.

வீட்டு வைத்தியத்தில் கொத்தமல்லி வேர்க்கொம்புக் குடிநீரோடு எனக்குச் சண்டையில்லை, ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு இளஞ்சூட்டில் கொஞ்சமாகக் கொடுத்தால். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. கற்பூரம் கலந்த பாமைக் கைக்குழந்தையின் நெஞ்சிலோ மூக்கடியிலோ பூசுவது ஆபத்து; அடைப்பை எடுக்க உப்புத் தண்ணீர்த் துளி போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதில் இலங்கை 2016 கணக்கெடுப்பில் 82 வீதத்தைத் தொட்டது. தடிமனை அது முழுதாகத் தடுக்காது. வாட்டுக்குப் போவதைக் குறைக்கும்.

அடுப்புப் புகை பற்றி எல்லோரும் உறுதியாகப் பேசுவார்கள். சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்துப் பார்த்தபோது கடும் நியுமோனியா குறைந்தது. பிறகு நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளுக்குச் சோதனை நடந்தது. ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் கொடுத்தார்கள். இந்தியப் பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கமும் நமக்கு நேர் எதிர்க்கரையான நாகபட்டினத்திலும் நடந்தது. 2024 இல் முடிவு வந்தது: குழந்தைகளின் கடும் நியுமோனியாவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. புகை நல்லது என்று இதற்குப் பொருளில்லை. 2022 நெருக்கடியில் எரிவாயு வரிசையில் நின்று அலுத்துப் பன்னாடைக்கும் பனையோலைக்கும் திரும்பிய வீடுகளில், பிள்ளையைக் குசினிக்கு வெளியே வைத்திருப்பது இன்றும் சரி. ஆனால் அடுப்பை மாற்றினால் வாட்டு வெறுமையாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

நெஞ்சு குழிந்துவிட்டது என்றால் தேவை ஒட்சிசன். மருந்து அதற்குப் பிறகுதான். சிறுகுழாய் அடைப்புக்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஒட்சிசன், மூக்கைத் துப்புரவாக்குதல், பால் இறங்காவிட்டால் குழாய்வழி உணவு, இவற்றோடு ஐந்தாறு நாள் தாண்டினால் பெரும்பாலான பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். வேலணைக்காரருக்கு ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை பக்கத்தில். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் பண்ணைப் பாலத்தால் அரை மணி நேரம். 2018 ஆடியில் வடக்குக்கு வந்த 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை அதை இன்னும் சுருக்கியது. நெடுந்தீவுக்கு அப்படியில்லை. அங்கே இரவு பத்து மணிக்கு ஒரு மூன்று மாதக் குழந்தைக்கு மூச்சு முட்டினால் படகோட்டியோ கடற்படைப் படகோ வேண்டும். வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில், அதாவது நோய் கூடும் மாதத்திலேயே, கடலும் கூடுதலாகக் கொந்தளிக்கும். ஒரே வைரஸ், ஒரே வயது. பாலத்தின் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் கடலின் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் ஆபத்து ஒன்றல்ல. நெடுந்தீவில் ஒட்சிசன் செறிவாக்கியும் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் ஒரு நாளும் பழுதாகிக் கிடக்கக் கூடாது. தடிமன் எண்ணிக்கையைக் குறைக்கும் எந்தத் திட்டத்தை விடவும் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

தடுப்பூசியின் கதை நீண்டது. 1966 இல் வாஷிங்டனில் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் ஆர்எஸ்வி தடுப்பூசி எதிராகத் திரும்பியது. பிறகு வைரஸ் தொற்றியபோது ஊசி போட்டவர்களில் 80 வீதத்தினர் வைத்தியசாலைக்குப் போனார்கள். இரு குழந்தைகள் இறந்தன. அந்தப் பயம் அரை நூற்றாண்டு நீடித்தது. வைரஸின் ஒரு புரதம் உயிரணுவோடு ஒட்டுமுன் எந்த வடிவில் இருக்கிறது என்பது 2013 இல் தெரிந்த பிறகே வழி திறந்தது. இப்போது இரண்டு வழிகள். ஒன்று, கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதத்தில் போடும் ஊசி. எதிர்ப்பு தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். மற்றது, குழந்தைக்கே நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள். பிரான்சு 2023 புரட்டாதியில் இரண்டாவதைத் தொடங்கியது. இங்கிலாந்து 2024 புரட்டாதியில் முதலாவதை. உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதம், இரண்டில் ஒன்றையாவது ஏற்கும்படி எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

ஆகவே பாரிஸ் லாசப்பலில் பிறக்கும் வேலணைப் பேரனுக்கு அந்த ஊசி உண்டு. வேலணையில் பிறக்கும் பேரனுக்கு இதை எழுதும்போது தேசிய அட்டவணையில் இல்லை. இலங்கை, வறிய நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் ‘காவி’ அமைப்பின் உதவியிலிருந்து 2010களின் நடுவிலேயே வெளியேறிய நாடு. வாங்கினால் சொந்தக் காசில்தான். அந்தப் பேச்சு கொழும்பில் வரும்போது தீவகத்தின் பக்கம் சொல்ல ஒரு விடயம் உண்டு. தென்மேற்குக்கு மழை வைகாசியில் வரும், நமக்கு ஐப்பசியில். பருவத்தைப் பார்த்து ஊசி போடும் நாடுகளைப் பின்பற்றி, கொழும்பின் மாதங்களை வைத்து ஒரே தேதி குறித்தால், நம் மாரிக்குள் பிறக்கும் பிள்ளைகளுக்குக் காப்பு பிந்திப்போகும். வருடம் முழுவதும் போடுவது ஒரு வழி, செலவு கூட. மாகாணத்துக்கு ஏற்ப மாதம் குறிப்பது இன்னொன்று. கார்த்திகையில் நெடுந்தீவுப் பெண் ஒருத்தி பிள்ளை பெறுவாள் என்றால் அவளுக்கு ஊசி ஆவணிக்கும் ஐப்பசிக்கும் இடையில் போட வேண்டும். சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குமுன் வரும் அந்த இடைவெளியில் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். குளிர்ப்பெட்டியில் தடுப்பூசியைப் படகேற்றுவது நமக்குப் புதிதும் அல்ல, பென்டா இத்தனை வருடமாக அப்படித்தான் நெடுந்தீவுக்குப் போகிறது.